காயிலோவர் வாங்கப் போறீங்களா? கிளிக்கை எண்ணாதீங்க, ஷாஃப்டைப் பாருங்க

போன மாசம் சித்தப்பா பையன் போன் பண்ணான். "அண்ணா, 24 கிளிக் செட் ஒண்ணு இருக்கு, 32 கிளிக் செட் ஒண்ணு இருக்கு, விலை ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், 32 தானே எடுக்கணும்?" (ஷாக்கோட இறுக்கத்தை மாத்துற குமிழைத் திருப்பும்போது எத்தனை படி இருக்கோ அதுதான் கிளிக்.) அவன்கிட்ட இருக்கிறது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி, என்கிட்டயும் ஒரு பழைய போலோதான், கோயம்புத்தூர்ல தெருவுக்கு ஒரு போலோ பையன் இருப்பான்னு சொல்லுவாங்க, எங்க வீட்ல ரெண்டு பேர். நான் திருப்பி ஒரே கேள்விதான் கேட்டேன், "அதுல ஷாஃப்ட் எத்தனை மில்லி உள்ள போகும்டா?" பதில் இல்ல. விக்கிறவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்னான், விக்கிறவருக்கும் தெரியல. அதனாலதான் இதை எழுதுறேன், மொத மொத காயிலோவர் வாங்கப் போறவங்களுக்கு, மெக்கானிக் பாஷை தெரியாதவங்களுக்கும் புரியிற மாதிரி.

முதல்ல இது என்னன்னு பாத்துடலாம். காரோட வெயிட்டைத் தாங்குறது ஸ்பிரிங். ஸ்பிரிங் மட்டும் இருந்தா ஒரு பள்ளத்துல இறங்கினதும் கார் தொட்டில் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும், அந்த ஆட்டத்தை அடக்குறது ஷாக் அப்சார்பர், டேம்பர்னும் சொல்லுவாங்க, உள்ள ஆயிலும் பிஸ்டனும் இருக்கும், பிஸ்டன்ல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு உள்ள வெளிய போய் வர்ற கம்பிதான் ஷாஃப்ட், சின்னச் சின்ன ஓட்டை வழியா ஆயில் கஷ்டப்பட்டுப் போறதுலதான் ஆட்டம் சூடா மாறி அடங்குது. டேம்பரைச் சுத்தி ஸ்பிரிங்கை மாட்டினா அதுதான் காயிலோவர். அப்படிப் பாத்தா உங்க கார் முன்பக்கம் கம்பெனியிலேயே வர்ற ஸ்ட்ரட்டும் ஒரு வகையில காயிலோவர்தான். ஆனா கடையில காயிலோவர்னு விக்கிறது, உடம்புல மரை போட்டு, அதுல ஒரு ரிங்கைத் திருகி கார் உயரத்தை ஏத்தி இறக்கிக்கிற மாதிரி இருக்கிறதை.

போலோ பின்பக்கம் கதையே வேற. அங்க டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற ஒரு உத்தரம்), ஸ்பிரிங் தனியா உக்காந்திருக்கும், ஷாக் தனியா நிக்கும். நீங்க "நாலு காயிலோவர்"னு காசு குடுத்து வாங்கினாலும் பின்னாடி வர்றது ரெண்டு ஷாக், ரெண்டு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு அடியிலயோ மேலயோ உயரம் மாத்துற ஒரு துண்டு, அவ்வளவுதான். பெட்டியைத் தொறந்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போயிடாதீங்க, எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர் போயிருக்காரு.

இனி ஸ்பிரிங். பெட்டியில "5 கிலோ" "7 கிலோ"ன்னு எழுதியிருப்பாங்க, ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வெயிட் வேணும்ங்கிறதுதான் அது. கம்பெனி கார் 1 விநாடிக்கு 1லிருந்து ஒண்ணரை தடவை வரைக்கும் ஆடுற மாதிரி ஸ்பிரிங் போடுவாங்க, மனுஷன் நடக்குற தாளத்துக்குப் பக்கத்துல இருக்கிறதால உடம்புக்கு இதமா இருக்கும். ரோட்டுக்கான ஸ்போர்ட்டி செட்டப் ஒண்ணரைலிருந்து ரெண்டுக்குள்ள, ரெண்டைத் தாண்டினா ட்ராக் கார். ஒரு சக்கரத்து மேல ஏறக்குறைய 300 கிலோ உக்காருதுன்னு வைங்க (போலோ முன்பக்கம் கிட்டத்தட்ட அப்படித்தான்), அங்க 3 கிலோ ஸ்பிரிங் போட்டா விநாடிக்கு 1.6 தடவை, 5 கிலோ போட்டா 2.0க்கு மேல வந்துடும். அதாவது செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்ல சுத்துறதுக்குன்னு ஆசைப்பட்டு 7 கிலோ ஸ்பிரிங் எடுத்தீங்கன்னா வருஷத்துல ரெண்டு நாள் செட்டிபாளையத்துல சிரிப்பீங்க, மிச்ச நாள் எல்லாம் அவிநாசி ரோட்ல அழுவீங்க. ஸ்பிரிங் கல்லு மாதிரி இருந்தா கார் ரோட்டைப் பிடிக்கும்னு நெனைக்கிறது பாதிதான் சரி, ரோடு வழுவழுன்னு இருந்தாதான் அது நெசம், மேடு பள்ளத்துல சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், துள்ளுற சக்கரத்துக்கு கிரிப்பே கிடையாது.

இன்னொண்ணு, ரிங்கைத் திருகி ஸ்பிரிங்கை டைட் பண்ணா ஸ்பிரிங் கடினமாயிடும்னு நிறைய பேர் நம்புறாங்க. ஆகாது. 5 கிலோ ஸ்பிரிங் எப்பவும் 5 கிலோதான். ரிங்கை மேல ஏத்தினா கார் மேல வரும், கீழ இறக்கினா கார் கீழ வரும்.

இப்பதான் முக்கியமான இடம். தாங்குற காயிலோவர் எது, தாங்காதது எதுன்னு தீர்மானிக்கிறது பெரும்பாலும் அந்த ஷாஃப்ட் உள்ள போக எவ்வளவு இடம் மிச்சம் இருக்குங்கிறதுதான். கார் நிக்கும்போது ஷாஃப்ட் ஏற்கனவே கொஞ்சம் உள்ள போய்த்தான் இருக்கும், அங்கிருந்து மேல போக எவ்வளவு இருக்கோ அதுதான் நம்ம கையிருப்பு. கடைசியில பம்ப் ஸ்டாப்னு ஒரு நுரை ரப்பர் துண்டு இருக்கும், அதுல போய் முட்டி முழுசா அமுங்கிடுச்சுன்னா அப்புறம் சஸ்பென்ஷனே இல்ல, அடி நேரா மேல மவுண்ட்டுக்கும் பாடிக்கும் போகும்.

கணக்கு போட்டுப் பாக்கலாம். ஒரே செட், 5 கிலோ ஸ்பிரிங், முட்டுறதுக்கு முன்னாடி 80 மில்லி இடம் இருக்குன்னு வைங்க. காரை 25 மில்லி இறக்குறீங்க, மிச்சம் 55, 55ஐ 5ஆல பெருக்கினா 275 கிலோ, அதாவது ஏற்கனவே இருக்கிற 300 கூட இன்னொரு 275 வந்தாலும் தாங்கும், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அடி வரைக்கும் பிரச்சனை இல்ல. அதே செட்டை 50 மில்லி இறக்குறீங்க, மிச்சம் 30, வெறும் 150 கிலோ. ஒண்ணரை மடங்கு வெயிட் வந்தாலே முட்டிடும், அந்த அளவு அடி நம்ம ஊர்ல பால் வாங்கப் போற தூரத்துலயே கிடைக்கும். (ரிங்கால மட்டும் உயரம் மாத்துற செட்டுக்குத்தான் இந்தக் கணக்கு, இன்னொரு வகை கீழ வருது.) ரோட்டுக்கு விதிமுறை வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்ற முறைப்படி ஒரு ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமா, 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறி இறங்குற மாதிரி இருக்கணும். நம்ம வார்டுல ராத்திரியோட ராத்திரியா தார் கொட்டி மேடு கட்டுறவருக்கு அதெல்லாம் யாரு சொல்றது.

என்னோட முதல் செட் செத்ததும் இப்படித்தான். பேர் வேண்டாம், விலை கம்மியா கிடைச்சதுன்னு வாங்கினேன், போட்டோல அழகா இருக்கணும்னு டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ஒரு விரல்கூட போகாத அளவுக்கு இறக்கினேன். ஆழியார்லருந்து வால்பாறை ஏறுற 40 கொண்டை ஊசி வளைவுலயும் கார் தண்டவாளத்துல போற மாதிரி திரும்புச்சு, அந்தச் சந்தோஷத்துல வண்டியை யாருக்கும் குடுக்கல. 14 மாசம். ஒரு நாள் காலையில பாத்தா இடது முன்பக்கம் ஸ்ட்ரட் முழுக்க ஆயில் வழிஞ்சு புழுதி ஒட்டி களி மாதிரி இருக்கு. கழட்டிப் பாத்தா பம்ப் ஸ்டாப் பொடிப்பொடியா உதிர்ந்து கெடக்கு, ஷாஃப்ட்ல கோடு கோடா கீறல். கிளிக் 32 இருந்துச்சு அதுலயும்.

அதனால உயரம் மாத்துற விதம் ரெண்டு இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. ஒண்ணு, ஸ்பிரிங் உக்காருற ரிங் மட்டும் நகரும், இறக்க இறக்க மேல சொன்ன இடம் கரையும். ரெண்டாவது, ஸ்ட்ரட்டோட அடிப் பாகமே தனியா மரையில திருகி ஏறி இறங்கும், ஃபுல் லென்த் அட்ஜஸ்டபிள்னு சொல்லுவாங்க, அதுல உயரம் குறைச்சாலும் ஷாஃப்ட்டோட இடம் அப்படியே இருக்கும். கேக்க ரெண்டாவதுதான் நல்லதுன்னு தோணும், நல்லதும்தான், ஆனா கார் கீழ வந்தது வந்ததுதான், டயர் போய் ஃபெண்டர்ல இடிக்கிறதும் சேம்பர் (இன்ஜினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டி) தரையில தட்டுறதும் அதுக்கு இருக்கவே இருக்கு. போலோவுக்கு தரைக்கும் கார் அடிக்கும் நடுவுல கம்பெனி குடுத்த கிளியரன்ஸே 165 மில்லி சுமார்தான், நாலு பேரும் பொட்டியும் ஏறினா அதுவும் இல்ல. நல்ல கம்பெனி எல்லாம் இத்தனை மில்லிலருந்து இத்தனை மில்லி வரைக்கும்தான் இறக்கலாம்னு எழுதிக் குடுப்பாங்க, அந்த எல்லைக்குள்ள குறைவா இறக்குற பாதியில நிறுத்திக்கிறதுதான் என் கட்சி. 20லிருந்து 30 மில்லி இறக்கினாலே கார் பாக்க நல்லாத்தான் இருக்கும்.

டேம்பர் உள்ளுக்குள்ள ரெண்டு ஜாதி. ட்வின் ட்யூப்ல குழாய்க்குள்ள குழாய், உள் குழாய்ல பிஸ்டன், வெளிக் குழாய்ல மிச்ச ஆயிலும் கொஞ்சம் கேஸும். மோனோட்யூப்ல ஒரே குழாய், ஆயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மிதக்குற பிஸ்டன், அதுக்குப் பின்னாடி நல்ல பிரஷர்ல நைட்ரஜன். மோனோட்யூப் சூட்டைச் சீக்கிரம் வெளிய விடும், ஆயில் நுரைக்காது, ட்ராக்ல பத்து பதினஞ்சு சுத்து ஓட்டினாலும் டேம்பர் தளராது. இதைக் கேட்டதும் எல்லாரும் மோனோட்யூப்தான் உசத்தின்னு முடிவுக்கு வந்துடுறாங்க. ஆனா அதே நீளத்துல கேஸ் அறைக்கும் இடம் விடணும்ங்கிறதால ஷாஃப்ட் போற தூரத்துக்கு நெருக்கடி வரும், பிரஷர் அதிகம்ங்கிறதால ஆயில் வெளிய வராம அடைக்கிற சீல் மேல பாரம் ஜாஸ்தி, வெளிக் குழாய்ல கல்லு பட்டு நசுங்கினா பிஸ்டனே மாட்டிக்கும், ட்வின் ட்யூப்ல வெளியில நசுங்கினாலும் உள்ள பிஸ்டன் பாட்டுக்கு ஓடும். நம்ம ரோட்டுக்கு, தினம் ஆபீஸ் போற வண்டிக்கு, நல்ல ட்வின் ட்யூப் எந்த விதத்துலயும் மட்டம் இல்ல. கேடபிள்யூ மாதிரி பெரிய ஜெர்மன் கம்பெனியே ரோடு செட்டுக்கு பெரும்பாலும் ட்வின் ட்யூப்தான் போடுறாங்க. பில்ஸ்டைன்ங்கிற இன்னொரு ஜெர்மன் கம்பெனி மோனோட்யூப் கட்சி, முன்பக்க ஸ்ட்ரட்டைத் தலைகீழா பண்ணி தடியான உடம்பே பக்கவாட்டு பாரத்தைத் தாங்குற மாதிரி செய்வாங்க.

பக்கவாட்டு பாரம்னு சொன்னேன்ல, அது முக்கியம். முன்பக்க ஸ்ட்ரட் வெறும் ஷாக் இல்ல, சக்கரத்தை நிமித்திப் பிடிச்சிருக்கிற தூணும் அதுதான். ஒவ்வொரு தடவை வளைச்சுத் திருப்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஷாஃப்ட் வளையப் பாக்கும், உள்ள ஷாஃப்டைப் பிடிச்சிருக்கிற புஷ் தேயும், சீல் ஒரு பக்கமா அமுங்கும். ஒல்லி ஷாஃப்ட் போட்டு விலையைக் குறைச்ச செட்ல முதல்ல போறது இதுதான், அதனால பெரும்பாலும் பின்னாடி ஷாக்கை விட முன்னாடி ஸ்ட்ரட்தான் முந்திக்கிட்டு லீக் ஆகும்.

இனி அந்தக் கிளிக். குமிழைத் திருப்பினா உள்ள ஒரு ஊசி நகர்ந்து ஆயில் போற வழி குறுகும், டேம்பிங் கூடும். பெரும்பாலான செட்ல ஒரே குமிழ் அமுங்குறதையும் திரும்ப நீளுறதையும் சேத்து மாத்தும், தனித்தனியா மாத்துறதுக்கு விலை வேற. 32 கிளிக்ல நீங்க நெசமா உணரப் போறது நாலோ அஞ்சோதான். பில்ஸ்டைன் பி14ல குமிழே கிடையாது, அவங்களே செட் பண்ணிக் குடுத்தது குடுத்ததுதான், பி16ல 10 இருக்கு, கேடபிள்யூவோட வேரியன்ட் 1லயும் குமிழ் இல்ல. அத்தனை வருஷம் டேம்பர் செய்யிறவங்க குமிழே இல்லாம ஒரு செட்டை விக்கிறாங்கன்னா, குமிழ் எண்ணிக்கை தரத்துக்கு அளவு இல்லன்னு நமக்குப் புரியணும். அதுக்குப் பதிலா டைனோ கிராஃப் (டேம்பரை மெஷின்ல ஓட்டி அதோட எதிர்ப்பை அளந்து வரைஞ்ச கோடு) கேளுங்க, இடது வலது ரெண்டு டேம்பரும் ஒரே கோட்டுல வருதான்னு அதுலதான் தெரியும். கிராஃப் குடுக்க முடியாதுன்னா அதுவும் ஒரு பதில்தான்.

வெளிநாட்டு ரிவ்யூ எல்லாம் பனிக்காலத்துல ரோட்ல கொட்டுற உப்பைப் பத்திப் புலம்பும், அதனாலதான் கேடபிள்யூ ஸ்ட்ரட் உடம்பை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயே செய்யிறாங்க. நமக்கு அந்த உப்பு இல்ல, ஆனா புழுதி இருக்கு, ஐப்பசி கார்த்திகை மழைச் சேறு இருக்கு, சென்னையில ஈசிஆர் பக்கம் குடியிருந்தா கடக்காத்து உப்பும் உண்டு. ஸ்டீல் உடம்புல அலுமினியம் ரிங் உக்காந்திருக்கும், நடுவுல உப்புத்தண்ணி போனா வெள்ளையா பொடி பூத்து ரிங் இறுகிப் போயிடும், அப்புறம் உயரம் மாத்துற செட்னு பேருக்குத்தான், சுத்தியலால அடிச்சாலும் நகராது. மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை பழைய டூத் பிரஷ்ஷால மரையைத் தேய்ச்சுக் கழுவி, காயவிட்டு, லேசா சிலிக்கான் ஸ்பிரே அடிச்சு, ரிங்கை ரெண்டு மரை ஏத்தி இறக்கிப் பழைய இடத்துக்கே கொண்டு வந்துடுங்க (பழைய இடத்தை மார்க்கர்ல குறிச்சுக்கிட்டு). கிரீஸ் அப்பாதீங்க, புழுதி ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆயிடும். வாட்டர் சர்வீஸ் விடும்போது பிரஷர் கன்னை சீல் பக்கம் காட்டவே விடாதீங்க.

எல்லாத்துக்கும் மேல ஷாஃப்டைச் சுத்தி டஸ்ட் கவர் இருக்கணும். அந்த ஷாஃப்ட் கண்ணாடி மாதிரி குரோம் பூசினது, ஒரு சின்ன மணல் ஒட்டி உள்ள போச்சுன்னா சீலைக் கிழிக்கும், குரோம் பேந்தா அந்த ஓரம் பிளேடு மாதிரி ஒவ்வொரு ஏத்த இறக்கத்துக்கும் சீலை அறுக்கும். விலை மலிவு செட்ல முதல்ல காணாம போறது இந்த 200 ரூபா ரப்பர்தான், என் முதல் செட்லயும் அது இல்ல, இல்லன்னு கவனிக்கிற அளவுக்கு அப்ப அறிவும் இல்ல.

மேல் மவுண்ட்ல ரப்பரா பில்லோ பாலான்னு கேப்பாங்க. பில்லோ பால்னா இரும்புக்குள்ள இரும்பு உருண்டை, ஸ்டியரிங் கூர்மையா இருக்கும், கேம்பர் (சக்கரம் உள்ள வெளிய சாயுற கோணம்) மாத்திக்கலாம், ஆனா புழுதியில கொஞ்ச நாள்லயே டொக் டொக்குன்னு சத்தம் வரும், அது தேயிற பொருள், மாத்திக்கிட்டே இருக்கணும். ரோட்டு வண்டிக்கு ரப்பர். அவ்வளவுதான்.

எந்தக் கம்பெனின்னு கேட்டா, ஜெர்மன்காரங்க செட்டுக்கு ஒரு நிம்மதி இருக்கு, அந்த ஊர்ல இந்த மாதிரி பாகம் மாத்தினா டியூவி மாதிரி ஆளுங்க பரிசோதிச்சு சர்டிபிகேட் இல்லாம ரோட்ல விடமாட்டாங்க, அதனால எந்தக் காருக்கு எவ்வளவு இறக்கலாம்ங்கிறது வரைக்கும் காகிதத்துல இருக்கும். விலை வரியோட சேந்து லட்சத்தைத் தாண்டும். தைவான்ல செய்யிற பிசி ரேசிங், ஜப்பான் டெய்ன் ரெண்டும் நடுவுல. இதுல டெய்ன் ஃபிளெக்ஸ் இசட் ஒரு சுவாரஸ்யமான கேஸ், அது சீல் பண்ணின ட்வின் ட்யூப், பிரிச்சு ரிப்பேர் பண்ண முடியாது, போச்சுன்னா அந்த ஒரு டேம்பரை மட்டும் புதுசா வாங்கி மாட்டிக்கோன்னு சொல்றாங்க. பிசி மாதிரி ஆளுங்க பிரிச்சு சீல், ஆயில் மாத்திக்கிற வழி. எது நல்லதுன்னா, உங்க ஊர்ல எது நடக்கும்ங்கிறதைப் பொறுத்தது. ரீபில்ட் பண்ணலாம்னு பெட்டியில எழுதியிருந்து, நைட்ரஜன் ஏத்துற ஆள் பெங்களூர்ல ஒருத்தர்தான் இருக்கார், சீல் கிட் வர ரெண்டு மாசம்னா, ஒத்த டேம்பர் வாங்கி மாட்டுறதே மேல். வாங்குறதுக்கு முன்னாடி விக்கிறவர்கிட்ட "இடது முன்பக்க டேம்பர் ஒண்ணு மட்டும் இப்ப வேணும், எவ்வளவு, எத்தனை நாள்?"னு கேளுங்க. பதில் வர்ற வேகத்துலயே பாதி தெரிஞ்சுடும்.

மாட்டுறதுல கெடுக்குறதும் நிறைய. மேல் நட்டை ஏர் கன்னால அடிச்சா ஷாஃப்ட் சேந்து சுத்தி உள்ள சீல் சூடாகிக் கெட்டுப்போகும், கையாலதான் டைட் வைக்கணும், ஷாஃப்டைப் பிடிக்கிறேன்னு கட்டிங் பிளேயர் போட்டாங்கன்னா கையைப் பிடிச்சு நிறுத்துங்க. லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ பிடிச்சிருக்கிற கை) மாதிரி ரப்பர் புஷ் உள்ள எதையாவது கழட்டியிருந்தா அந்த போல்ட்டை கார் தரையில நிக்கும்போதுதான் கடைசி டைட் வைக்கணும், தூக்கி வச்சிருக்கும்போதே டைட் வச்சா இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு நின்னு சீக்கிரம் கிழியும். மவுண்ட்டும் பேரிங்கும் பழசா இருந்தா அப்பவே மாத்திடுங்க, மறுபடி கழட்டுற கூலி அதைவிட ஜாஸ்தி. கார் இறங்கினதால, கார் சாயாம பிடிக்கிற ஆன்டி ரோல் பாரை ஸ்ட்ரட்டோட இணைக்கிற லிங்க் ராட் கோணம் மாறும், நீளம் குறைச்ச லிங்க் ராட் தேவைப்படலாம். வீல் அலைன்மென்ட், செட் மாட்டின அன்னைக்கு ஒரு தடவை, ஸ்பிரிங் உக்காந்த பிறகு, ஒரு 500 கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை. ரெண்டாவதை விட்டுட்டுத்தான் டயர் உள் ஓரம் மொட்டையாகி நிக்கிறாங்க.

சட்டம் பத்தியும் சொல்லணும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லியிருக்கு. அதனால வாரண்டி போகும், இன்சூரன்ஸ்காரங்க கிளெய்ம் நேரத்துல இதைக் காட்டி இழுக்கலாம், தெரிஞ்சே இறங்குங்க. கார் ஆடி அடங்க நேரமாகுறது மட்டும்தான் உங்க குறைன்னா கம்பெனி ஸ்பிரிங்கோட நல்ல டேம்பர் மட்டும் மாத்திப் பாருங்க, பாதிப் பேருக்கு அதுவே போதும், உயரமும் மாறாது.

கடைசியா தம்பிக்குச் சொன்ன ஒரு வேலை. செட் மாட்டினதும் ஷாஃப்ட் தெரியிற வகையா இருந்தா (தலைகீழ் மோனோட்யூப்ல முடியாது) டஸ்ட் கவரைத் தூக்கிட்டு ஷாஃப்ட்ல ஒரு சின்ன கேபிள் டை தானா நழுவாத அளவுக்கு, ஆனா ரொம்ப இறுக்காம மாட்டி, கீழ சீல் மேல உக்காருற மாதிரி தள்ளி விட்டு, கவரை மூடிட்டு ஒரு வாரம் வழக்கமா போற ரோட்ல ஓட்டணும். ஷாஃப்ட் உள்ள போகப் போக டை மேல தள்ளப்படும், எவ்வளவு தூரம் போச்சுன்னு அங்கயே நின்னு காட்டும். பம்ப் ஸ்டாப் வரைக்கும் போய் அதுல குத்தியிருந்தா ரிங்கை 10 மில்லி மேல ஏத்தி மறுபடி ஓட்டணும். அவன் ரெண்டு தடவை ஏத்தினான். இப்ப ஃபெண்டர் கேப் பாத்து காலேஜ் பசங்க சிரிக்கிறாங்களாம், 24 கிளிக் செட்தான் வாங்கினான், டஸ்ட் கவர் தனியா தேடி வாங்கிப் போட்டிருக்கான்.